ஆங்கிலச் செய்முறையில் ‘கறி பவுடர்’ என்றிருந்தால்

ஆங்கிலச் செய்முறையில் ‘கறி பவுடர் 2 தேக்கரண்டி’ என்றிருந்தால் எங்கட வீட்டு யாழ்ப்பாணக் கறித்தூளை அதே அளவுக்குப் போடவேண்டாம், உறைப்பில் வாய் வைக்கேலாது. அதற்கெனத் தனிப் போத்தல் வாங்கிக் காசைக் கரைக்கவும் தேவையில்லை. ஒரு தேக்கரண்டி மல்லித்தூள், அரைத் தேக்கரண்டி நற்சீரகத்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு சிட்டிகை வெந்தயத்தூள், அதோடு கால் தேக்கரண்டி எங்கட தூள். இவ்வளவும் கலந்தால் சரி.

எங்கட ‘கறி’ போர்த்துக்கேயரின் ‘கரில்’ வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். 1747இல் லண்டனில் அச்சான ஒரு சமையல் நூலின் கறியில் மிளகும் மல்லியும்தான், மிளகாயே இல்லை. இன்றைய போத்தல் தூளும் மஞ்சள் தூக்கலாக, உறைப்புக் குறைவாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத் தூளோ செத்தல் மிளகாயை வறுத்துத் திரித்தது, நிறமே கருஞ்சிவப்பு. கறிவேப்பிலை வாசமும் தூக்கி நிற்கும், அது கேக், சாலட் மாதிரியானவற்றுக்கு ஒத்துவராது.

ஜப்பானியக் கறிக்கட்டி கேட்கும் செய்முறைக்கு இந்தக் கலவை உதவாது. அந்தக் கட்டியில் மாவும் கொழுப்பும் இருக்கு, குழம்பு தடிக்கிறதே அதனால்தான். தாய்லாந்துக் கறி விழுதுக்கும் இது மாற்றில்லை.