செஸ் செய்தி எழுதப் போகிற நிருபர் தம்பிக்கு

மாவட்ட செஸ் போட்டிகளில் ஆர்பிட்டராக, அதாவது நடுவராக உட்காருகிறவன் நான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பத்திரிகைகளிலிருந்து போன் வரும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், ஃபைனல்ல யாரை ஜெயிச்சான்?"

ஃபைனலே கிடையாது தம்பி. ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறை. தோற்றவன் வீட்டுக்குப் போவதில்லை, எல்லாரும் எல்லாச் சுற்றும் ஆடுவார்கள். கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் இருப்பவர்களைக் கோத்துவிடுவோம். வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5. கடைசிச் சுற்றில் தோற்றவன்கூட சாம்பியன் ஆகலாம். அதனால் "இறுதிப் போட்டியில் வீழ்த்தி" என்ற வரியே வேண்டாம். "9 சுற்றில் 8 புள்ளி எடுத்து முதலிடம்" என்று எழுதுங்கள்.

இரண்டு பேருமே 8 புள்ளி எடுத்திருந்தால்? அப்படி ஒரு தடவை "நடுவரின் முடிவால் கோப்பை" என்று ஒரு நாளிதழில் வந்துவிட்டது. மறுநாள் காலை இரண்டாமிடம் வந்த பையனின் அப்பா என் வீட்டு வாசலில் நின்றார். நான் எதையும் முடிவு செய்யவில்லை, அது டை-பிரேக், புள்ளி சமமானால் யார் முன்னே என்று பார்க்கும் கணக்கு. பல போட்டிகளில் புக்கோல்ஸ் என்ற கணக்கைப் பார்ப்போம்: ஒருவன் ஆடிய எதிராளிகள் எல்லாரும் எடுத்த புள்ளிகளைக் கூட்டுவது. பலமான ஆட்களோடு மோதியவனுக்குக் கூடுதலாக வரும். பெரும்பாலான போட்டிகளின் பட்டியல் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்திலேயே கிடக்கிறது, பாருங்கள்.

அடுத்து, கிளாசிக்கலா (மணிக்கணக்கில் ஆடுவது), ரேபிடா (நேரம் குறைவு), பிளிட்ஸா (சில நிமிடம்தான்) என்று கேளுங்கள். 2022 பிப்ரவரியில் பிரக்ஞானந்தா அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனை வென்றது ஆன்லைன் ரேபிட் ஆட்டம். கிளாசிக்கலில் முதல் தடவை வென்றது 2024 மே மாதம், நார்வேயில். முதல் செய்திக்கே பெரிய எழுத்தெல்லாம் செலவழித்தவர்களுக்கு இரண்டாவதுக்குத் தலைப்பு மிஞ்சியிருக்காது.

ரேட்டிங் 1650 என்றால் தரவரிசையில் 1650-ஆவது இடம் என்று அர்த்தமில்லை, அது ஆட்டத்திறனைக் காட்டும் எண். எட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஜெயித்த குழந்தையை வெறுமனே "உலக சாம்பியன்" என்று போடாதீர்கள், பிரிவையும் சேர்த்துப் போடுங்கள்.

"மிக இளைய", "முதல்" என்ற சொற்கள் வந்தால் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் பட்டம் வென்றபோது அவருக்கு 18 வயது. 2002-ல் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) பட்டம் வென்ற பொனமரியோவ் அதைவிடச் சில மாதம் இளையவர். ஆனால் அப்போது பட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது, இன்னொன்று கிராம்னிக்கிடம் இருந்தது. ஒன்றுபட்ட பட்டத்தை வென்றவர்களில்தான் குகேஷ் இளையவர். அதற்கு முன் அந்தப் பெருமை 1985-ல் 22 வயதில் வென்ற காஸ்பரோவுக்கு. ஒரு வரி கூடுதலாகும், ஆகட்டும்.

குகேஷ் பட்டத்தை வென்ற அந்த 14-ஆவது, கடைசி ஆட்டத்தில் "செக்மேட்" நடக்கவும் இல்லை. 55-ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தப்பாக வைத்தார், 58-இல் தோல்வியை ஒப்புக்கொண்டார். பெரிய ஆட்டக்காரர்கள் ராஜா மாட்டும்வரை உட்கார்ந்திருப்பது அபூர்வம்.

படத்துக்கு வருவோம். வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்கிறதா, வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில் நிற்கிறதா, இவ்வளவு பார்த்தால் போதும். சுற்று நடக்கும்போது மட்டும் "பாப்பா, அந்தக் குதிரையைப் பிடிச்ச மாதிரி இரு" என்று சொல்லிவிடாதீர்கள். தன் முறையில் தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும், எதிரில் இருப்பவன் கையைத் தூக்கினால் நான்தான் போய் நிற்க வேண்டும். சுற்று முடியட்டும், தனியாக ஒரு போர்டு தருகிறேன்.