வேலைக்குச் சேர்ந்ததும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

"டூட்டி காலையில பத்துலேருந்து ராத்திரி ஒன்பது" என்று கடையில் சொல்வார்கள். அது ஷட்டர் திறந்திருக்கிற நேரம். தி.நகரில் புடவை செக்‌ஷனில் நிற்கிற நான் புதுசாக வரும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டு போடச் சொல்வேன்.

முதலில் வீட்டை விட்டுக் கிளம்பிய நேரமும் திரும்பிய நேரமும். அடுத்து, எவ்வளவு நேரம் நின்றோம். மூணாவதுதான் முக்கியம்: யாரையும் கேட்காமல் பாத்ரூம் போக முடிந்ததா? என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். என்னைவிட அதிக நேரம்தான் வண்டியில் இருக்கிறார், ஆனாலும் நினைத்த இடத்தில் நிறுத்தி டீ குடிப்பார். படுத்ததும் தூங்கிவிடுவார். அக்கா மகள் நர்ஸ். அடுத்த ஷிப்ட் ஆள் வராமல் வார்டை விட்டு நகர முடியாது. மாடி வீட்டுத் தம்பி ஐடியில் இருக்கிறான், ஏசியில் உட்கார்ந்துதான் வேலை, ராத்திரி பதினொன்றுக்கும் போன் அடிக்கும். அவனுக்கு நாலாவதாக போனுக்கும் ஒரு கட்டம் போடணும்.

எங்கள் வேலையில் கணக்கில் வராமல் போவது மடிப்பு. முகூர்த்தப் புடவைக்கு வருகிறவர்கள் அலமாரியையே இறக்கச் சொல்லிவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று போய்விடுவார்கள். ஒவ்வொன்றையும் பழைய மடிப்பிலேயே, கரையோடு கரை சேர்த்து, விலைச் சீட்டு வெளியே தெரிகிற மாதிரி மடிக்கணும். ஷட்டர் இறங்கிய பிறகு மடிப்பதும் வேலை நேரம்தான், நோட்டில் ஏற்றுங்க.

எழுதியதில் வேலை நேரத்தை மட்டும் 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தோடு வைத்துப் பாருங்க. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது; அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. 2021-இல் உட்கார இருக்கை தரணும் என்றும் சட்டம் திருத்தினார்கள். அதனால் கடை பார்க்கப் போகும்போதே "ஸ்டூல் எங்கே இருக்கு?" என்று கேளுங்க. ஸ்டாக் ரூமில் இருக்கிற ஸ்டூல் எதற்கு?

பாத்ரூம் போகணுமே என்று தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீங்க. நீர்க்கடுப்பில் எத்தனையோ பிள்ளைகள் அவதிப்படுகிறார்கள். சூப்பர்வைசரிடம் தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்க. மசியவில்லை என்றால் நோட்டோடு தொழிலாளர் துறை அலுவலகம்.

நோட்டை ஆடியிலோ தீபாவளியிலோ ஆரம்பிக்க வேண்டாம். கூட்டமில்லாத மாசத்தில் ஒரு வாரம் எழுதுங்க. அப்போதே 48-ஐத் தாண்டினால், வேறு கடை பாருங்க.