கூடாரத்துக்குள் எந்த விளக்கு? உகந்தைக்குப் புறப்படும் முன் பார்க்க வேண்டியவை

ஆடித் திருவிழாக் காலத்தில் இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில் இருக்கும் உகந்தை மலை முருகன் ஆலயச் சூழலில் கூடாரம் அடித்துத் தங்குவது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரியம்மாவும் கூட வந்திருந்தார். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மட்டக்களப்பு நகரில் ஒரு புது விளக்கு வாங்கினேன். 1000 லூமன், 20 மணித்தியாலம், வெயிலில் சார்ஜ் ஆகும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள்.

முதல் இரவு அதைப் போட்டவுடன் பெரியம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, “மனே, கண் கூசுகிறது, குறைக்க முடியாதா?” என்று கேட்டார். சிறிது நேரத்தில் கூடாரத்தின் வலை முழுவதும் பூச்சி மொய்த்துவிட்டது. பதினொரு மணிக்கெல்லாம் விளக்கு அணைந்துபோனது. நள்ளிரவில் வெளியே போக எழுந்தவர் கூடாரக் கயிறு தடுக்கி விழுந்தார். முழங்கால் சிராய்ந்து இரத்தம் வந்தது. அன்றுதான் விளக்கைப் பற்றி முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன். அதன்பின் நான்கு விளக்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்திக் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடாரம் அடிக்கும் முறையை எழுதவில்லை.

படி 1: என்ன வேலைக்கு எந்த விளக்கு

உள்ளே தொங்கவிட ஒன்று, நடக்கும்போது நெற்றியில் கட்டிக்கொள்ள ஒன்று, வெளியே சமைக்கும் இடத்துக்கு ஒன்று. மூன்றையும் ஒரே விளக்கால் செய்ய முடியாது. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் நெற்றி விளக்கை வாங்குங்கள். இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். தண்ணீர் நிரப்பிய வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தலைச் சுற்றி, ஒளி உட்பக்கம் விழும்படி அதைக் கட்டினால் கூடாரம் முழுவதற்கும் மெல்லிய வெளிச்சம் பரவும்.

படி 2: லூமனும் நிறமும்

லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. நால்வர் படுக்கும் கூடாரத்துக்கு 100 லூமன் தாராளம். படுக்கை விரிக்கவும் பை தேடவும் 30 லூமன் போதும். பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எவ்வளவு குறைக்க முடியும் என்பதைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். மிகக் குறைந்த நிலையில் விளக்கைக் கண்ணுக்கு நேரே பார்த்தாலும் கூசக்கூடாது.

நிறத்துக்குக் கெல்வின் அளவு பாருங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை, 2700 முதல் 3000 வரை மஞ்சள். பூச்சிகளை அதிகம் இழுப்பது நீலமும் புற ஊதாவும். மஞ்சள் விளக்குக்கு மாறிய பின்பு எங்கள் வலையில் மொய்த்த பூச்சி வெகுவாகக் குறைந்தது. நுளம்புக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். அது நம் மூச்சுக்காற்றையும் உடல் வாசனையையும் தேடி வரும். வலையைத்தான் மூட வேண்டும்.

படி 3: பற்றரி

நான் ஏமாந்த இடம் இது. ஊருக்குத் திரும்பி அந்த விளக்கின் அடிப்பாகத்தைக் கழற்றினேன். உள்ளே 18650 எனப்படும் உருளை வடிவ லிதியம் பற்றரி ஒன்று. பச்சை உறையில் 9900 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருந்தது. கையில் எடுத்தபோது வெறும் குழாய் போல இருந்தது. நல்ல 18650 பற்றரி 45 கிராம் அளவில் எடை இருக்கும். கொள்ளளவு ஏறக்குறைய 3500ஐத் தாண்டாது. அந்த அளவுப் பற்றரியில் 9900 என்று எழுதியிருந்தால் யோசிக்க வேண்டியதில்லை, அது பொய்.

கணக்கு எளிது. உதாரணமாக, 2600 மில்லியம்பியர் மணி என்பது 2.6 அம்பியர் மணி, அதை 3.7 வோல்ற்றால் பெருக்கினால் 9.6 வாட் மணி. நல்ல எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். ஆகவே 300 லூமனில் எரித்தால் மூன்று மணித்தியாலம், 60 லூமனில் எரித்தால் பதினாறு மணித்தியாலம். நடைமுறையில் இதிலும் சற்றுக் குறையும்.

பெட்டியில் இருக்கும் மணித்தியாலக் கணக்கையும் அப்படியே ஏற்க வேண்டாம். நல்ல தயாரிப்பாளர்கள் பின்பற்றும், கைவிளக்குகளுக்கான அன்சி எப்.எல்.1 அளவுகோலிலேயே, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம் முழுவதும் ‘எரியும் நேரம்’தான். பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் கயிறு தெரியாது.

அதனால் வாங்கியதும் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் செய்து, மாலை ஆறு மணிக்கு ஓர் இருட்டறையில் நீங்கள் பயன்படுத்தப்போகும் நிலையில் வையுங்கள். மணிக்கொரு தடவை போய், விளக்கிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நின்று செய்தித்தாளின் சிறிய எழுத்தை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். வாசிக்க முடியாத மணிதான் உங்கள் விளக்கின் உண்மையான நேரம். என்னுடைய ‘20 மணித்தியால’ விளக்கு இந்தச் சோதனையில் இரண்டரை மணித்தியாலம் நின்றது.

விளக்கின் தலையில் ஒட்டியிருக்கும் சூரியத் தகட்டுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலிலேயே அரை வாட், ஒரு வாட் தருவது பெரிய காரியம். 9.6 வாட் மணிப் பற்றரி நிரம்பப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அதோடு பற்றரியும் வெயிலில் கிடந்து சூடேறும். அந்தப் பணத்துக்கு 10000 மில்லியம்பியர் மணி பவர் பாங்க் ஒன்று வாங்கலாம். மாற்றத்தில் போகும் இழப்பு நீங்கலாக, விளக்கை இரண்டு மூன்று தடவை நிரப்பலாம்.

படி 4: தொங்கவிடும் இடம்

கூடாரத்தின் உச்சியில் ஒரு வளையம் இருக்கும், அதில் மாட்டுங்கள். தரையில் வைத்தால் உள்ளிருப்பவரின் நிழல் துணியில் பெரிதாக விழுந்து, உடை மாற்றுவதுகூட வெளியே தெரியும். சமையல் விளக்கை வாசலில் இருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிக் கட்டுங்கள். பூச்சி அங்கே போகும். கயிறுகளின் அடியில் வெள்ளைத் துணிக்கீற்று முடிவதையும் மறக்காதீர்கள். பெரியம்மா விழுந்த மறுநாளே பழைய வேட்டியைக் கிழித்து எல்லாக் கயிற்றிலும் கட்டினோம்.

கடலோரம் என்றால் உப்பு. தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் குறி ஐ.பி.எக்ஸ். விளக்கில் ஐ.பி.எக்ஸ் 4 என்று இருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, சார்ஜ் துளையின் றப்பர் மூடியைத் திறந்து உலரவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பச்சை பூத்திருக்கும்.

பின்சேர்க்கை: வீட்டில் இருக்கும் அரிக்கன் லாம்பையும் பெற்றோமாக்சையும் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வெளியே, காற்று மறைவில் என்றால் சரி. கூடாரத்துக்குள் ஒருபோதும் வேண்டாம். அவை எரியும்போது வெளிவரும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். கச்சான் காற்று ஒரு தடவை துணியை உலுக்கினாலே போதும், பொலியெஸ்டர் தீயில் உருகி மேலே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு பின்சேர்க்கை: பொத்துவில், பாணமைப் பக்கம் மணலில் கூடாரம் அடிப்பவர்கள் ஆமைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைத்தான் கடல் என்று எண்ணி நகரும். நம் விளக்கைக் கண்டால் தரைப்பக்கம் திரும்பிவிடும். கடலைப் பார்த்த வாசலை மூடி, உள்ளே மிகக் குறைந்த வெளிச்சம் மட்டும் வையுங்கள். நடக்கும்போது நெற்றி விளக்கின் சிவப்பு நிலையைப் பயன்படுத்துங்கள். இருட்டுக்குப் பழகிய நம் கண்ணும் அதனால் கெடாது. தாய் ஆமை கரையேறுவதைக் கண்டால் சிவப்பையும் அணைத்துவிட்டு, அது மணலை மூடிக் கடலுக்குத் திரும்பும் வரை இருந்த இடத்திலேயே இருங்கள்.