மருந்தடிக்கிற பிளேன்ல இன்ஜின் நின்னா முதல்ல கை எங்க போகணும்

3000 அடியில இன்ஜின் நின்னா கிளைடு பண்ணிக்கிட்டே, அதாவது இன்ஜின் இல்லாம சறுக்கி இறங்கிக்கிட்டே, இடம் தேடலாம், ஆனா அமெரிக்கால அர்கன்சா நெல்லு வயல்லயும் அயோவா மக்காச்சோளத்துலயும் மருந்தடிக்கிறவங்க பயிருக்கு மேல பத்துப் பன்னெண்டு அடியில பறக்குறாங்க, அங்க செக்லிஸ்ட்டெல்லாம் கையில எடுக்கவே நேரம் இருக்காது. அதனால வயலுக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடியே மேல ஒரு ரவுண்டு அடிச்சு, கரண்ட் கம்பி எங்க போகுது, இன்ஜின் போனா எந்தப் பக்கம் இறக்கலாம்னு பாத்து வெச்சிக்கணும். கம்பி கண்ணுல படாது, போஸ்ட்டத்தான் தேடணும்.

நின்னுடுச்சா? மருந்த மொத்தமா கீழ கொட்டுற டம்ப் லீவர இழு. ஏர் டிராக்டர் 502ங்கிற மருந்தடிக்கிற பிளேனோட ஹாப்பர் (மருந்துத் தொட்டி) ஃபுல்லா இருந்தா 500 கேலன், அதாவது கிட்டத்தட்ட 1900 லிட்டர், தண்ணியா இருந்தாலே ரெண்டு டன்னுக்குப் பக்கம். மருந்து விலைய நெனச்சு கை தயங்கக் கூடாது. லோடு கொட்டுறப்போ மூக்கு சட்டுனு மேல தூக்கும், ஸ்டிக்க (பிளேன ஓட்டுற கம்ப) முன்னாடி தள்ளிப் பிடிக்கலன்னா ஸ்டால்தான், அதாவது இறக்கை தூக்குறத விட்டு பிளேன் விழுந்துடும். ஸ்பீடு கையில இருந்தா மெதுவா கொஞ்சம் ஹைட்டா மாத்திக்கலாம், ஆனா கிளைடு ஸ்பீடுக்குக் கீழ போகவே கூடாது. டர்பைன் இன்ஜின்னா ப்ராப்ப (முன்னாடி சுத்துற விசிறிய) ஃபெதர் பண்ணிடு, அதாவது பிளேடோட விளிம்பு காத்துக்கு நேரா வர்ற மாதிரி திருப்பிடு, இல்லன்னா அதுவே பிரேக் மாதிரி இழுக்கும்.

ரொம்ப மோசமான இடம் வயல் கடைசியில மேல ஏறித் திரும்புற டர்ன், ஸ்பீடு கம்மி, இறக்கை வேற சாஞ்சிருக்கும். மூக்க இறக்கு, இறக்கைய சமமாக்கு, முன்னாடி இருக்கிற வயல்லயே இறங்கு. கிளம்புன ஸ்ட்ரிப்புக்கே (ஓடுபாதைக்கே) திரும்பிப் போயிடலாம்ங்கிற ஆசைதான் ஆளக் கொல்லும்.

சால் ஓடுற திசையிலயே இறக்கு, குறுக்க போனா சக்கரம் மாட்டும். உயரமான சோளம்னா கதிரோட உச்சியவே தரையா நெனச்சு, ஃப்ளாப்ப (மெதுவா பறக்க இறக்கையில இறக்குற மடிப்பு) முழுசா இறக்கி முடிஞ்ச அளவு மெதுவா உக்கார வை. தண்ணி நிக்கிற நெல்லு வயல்னா கவுந்துடும்னே எதிர்பாரு, ஸ்டிக்க வயித்தோட இழுத்துப் பிடி, தொடுறதுக்கு முன்னாடியே ஃபியூலயும் பேட்டரியயும் ஆஃப் பண்ணு. தலகீழா தொங்குறப்போ பட்டுனு பெல்ட்ட கழட்டிடாத, ஒரு கைய தலைப் பக்கம் இருக்கிற காக்பிட் கூரையில முட்டுக் கொடுத்துட்டு அப்புறம் கழட்டு, இல்லன்னா கழுத்துலதான் விழுவ.

பைலட்ட உயரத்துல, ஹாப்பருக்குப் பின்னாடி உக்கார வெச்சதுக்கு இந்த மாதிரி மோதலும் ஒரு பெரிய காரணம், 1950ல பிளேன் வடிவமைப்பாளர் ஃபிரெட் வைக் டெக்சாஸ்ல உருவாக்கிப் பறக்க விட்ட ஏஜி-1ங்கிற மருந்தடிக்கிற பிளேன் அந்த யோசனையில வந்ததுதான்.

வெளிய வந்ததும் தள்ளி ஓடு. மேல மருந்து பட்டிருந்தா துணியக் கழட்டிட்டுக் குளி, ஹாப்பர்ல இருந்த மருந்து பேர டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு.