மவுஸ் வாங்குமுன் நான் பார்ப்பவை

நான் முதலில் வாங்கிய மலிவு மவுஸ், நான்கே மாதத்தில் ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாக எண்ணத் தொடங்கியது. கணினியில் ஒரு ஃபைலை நகர்த்தப் போனால் அது திறந்துகொள்ளும். விவரக்குறிப்புகளைப் படிக்கும் பழக்கம் அதன் பிறகுதான் வந்தது.

கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் டிபிஐ எண்ணை, அதாவது மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டும் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 8000 இருந்தும் நான் விளையாடுவது 800இல்தான். பார்க்க வேண்டியது போலிங் ரேட், அதாவது மவுஸ் விநாடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பது. 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் கணினிக்குத் தகவல் போகும். 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை. எக்செல்லில் கணக்கு எழுதுபவருக்கு இது பொருட்டே அல்ல, சாதாரண வயர் மவுஸ் போதும். துப்பாக்கி விளையாட்டு ஆடுபவருக்கு வேண்டும். இப்போது என் மேசையில் இருப்பது லாஜிடெக் ஜி102. 85 கிராம், 1000 ஹெர்ட்ஸ். வண்ண விளக்கை அன்றே அணைத்துவிட்டேன்.

"நேற்று வந்தது, அருமை" என்ற விமர்சனத்தால் பயனில்லை. ஆறு மாதம் கழித்து எழுதியவரைத் தேடுங்கள். விமர்சனங்களுக்குள் 'டபுள் கிளிக்' என்று தேடினால் குட்டு வெளிப்படும்.

பார்சலைப் பிரிக்கும்போது கைப்பேசியில் வீடியோ எடுங்கள். எனக்கு ஒருமுறை காலிப் பெட்டி வந்திருக்கிறது.