கனவு வண்டியைக் கோட்டை விடாமல் இருக்க
கான்டெஸா, டாடா சியரா, ஜிப்சி என்று ஏதோ ஒரு பழைய வண்டியை மனசில் வைத்துத் தேடுகிறவர்கள் கேளுங்கள்: ஆடி முடியட்டும், அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டால் பொள்ளாச்சியில் பார்த்த வண்டி பாலக்காட்டுக்குப் போய்விடும், பிறகு வருஷக்கணக்கில் புலம்ப வேண்டியதுதான்.

வண்டி நம்பர் கிடைத்ததும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டு இன்சூரன்ஸ், லோன் விவரம் பாருங்கள். லோன் இருந்தால் பேங்கின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி), ஆர்சியில் இருந்து லோனை நீக்கும் படிவம் 35-ம் வந்த பிறகே முழுப்பணம். 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும், அதுவும் 5 வருஷத்துக்கு ஒரு முறை.

காலையிலேயே போய், ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாமல் இருக்க ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கலாம். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அதற்காகப் பயந்து விட்டுவிடாதீர்கள், கோவையில் எஞ்சின் வேலைக்கு நல்ல கைகள் உண்டு. வண்டிக்குள் கால் வைக்கும் இடத்தில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் தகரத் தரையைத் தட்டிப் பாருங்கள், தகரம் பொடிந்து உதிர்ந்தால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம்.

பிடித்துவிட்டதா, அங்கேயே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்குங்கள். “வூட்டுல கேட்டுட்டு வர்றேனுங்க” என்பதை முந்தின ராத்திரியே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.