'என்று' போகிற இடமெல்லாம் 'தட்' போகாது

மாலை நேரத்தில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் தம்பி ஒருவர், ஒருநாள் தன் அலுவலக மெயிலை எடுத்துக் காட்டினார். வாடிக்கையாளர் ஒருவர் பாக்கியைத் திங்கள்கிழமை கட்டிவிடுவதாகப் போனில் சொல்லியிருக்கிறார். தம்பி அதைக் கணக்குப் பிரிவுக்கு இப்படி எழுதி அனுப்பிவிட்டார்: "தி கஸ்டமர் செட் தட் ஐ வில் பே தி பேலன்ஸ் ஆன் மண்டே." திங்கள்கிழமை அங்கிருந்து கேள்வி வந்தது: "நீங்க ஏன் கட்டணும்? கஸ்டமர்தானே கட்டணும்?"

கேட்டவர் மேல் தப்பில்லை. அந்த வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பொருள். 'ஐ' என்று எழுதினால் எழுதியவரைத்தான் குறிக்கும். தம்பி மேலும் பெரிய தப்பில்லை. "திங்கள்கிழமை நான் கட்டிடறேன்னு சொன்னார்" என்று தமிழில் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. அதைத்தான் அவர், 'என்று' என்பதன் பேச்சு வடிவமான 'னு'வுக்குத் 'தட்' போட்டு, வார்த்தைக்கு வார்த்தை மாற்றினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் செய்யும் 'தட்' தவறுகளில் பல இங்கேதான் முளைக்கின்றன.

'என்று' எங்கிருந்து வந்தது? 'என்' என்ற வினையிலிருந்து. என்றான், என்றாள், என்கிறார்கள் எல்லாம் அதே குடும்பம். அதற்குச் 'சொல்' என்று பொருள். ஆகவே 'என்று' வந்தாலே, அதற்கு முன்னால் இருப்பது இன்னொருவர் வாயிலிருந்து வந்த பேச்சாக இருக்கலாம். அதை அவர் சொன்னபடியே, 'நான்' உட்பட, வைத்துக்கொள்ளத் தமிழ் இடம் கொடுக்கிறது. ஆங்கிலத்தின் 'தட்' வேறு வழியில் வந்த சொல். அது முதலில் 'அது' என்று சுட்டும் சொல்லாக இருந்து, பிறகு வாக்கியத்தை இணைக்கும் வேலைக்கு வந்தது. 'அவர் சொன்னார் அது' என்று சுட்டிக்காட்டிவிட்டு, விஷயத்தை நம் குரலில் தொடர்கிறோம். அதனால்தான் அங்கே வரும் 'ஐ' நம்மையே குறிக்கிறது.

சரி, எப்படித் திருத்துவது? ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன் தமிழிலேயே ஒரு படி மாற்றிக்கொள்ளுங்கள். "நான் கட்டறேன்னு சொன்னார்" என்பதை "தான் கட்டுவதாகச் சொன்னார்" என்று மனதுக்குள் ஆக்குங்கள். 'நான்' போய்த் 'தான்' வந்துவிட்டது. அந்தத் 'தான்'தான் ஆங்கிலத்தில் 'ஹி' அல்லது 'ஷி'. "தி கஸ்டமர் செட் தட் ஹி வுட் பே தி பேலன்ஸ் ஆன் மண்டே." 'செட்' இறந்தகாலம் என்பதால் 'வில்' 'வுட்' ஆகிறது. சொன்ன விஷயம் இன்னும் நடக்கவில்லை, இன்னும் செல்லுபடியாகிறது என்றால் 'வில்' என்று விட்டாலும் பரவாயில்லை. 'ஐ' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, 'சே'யும் 'டெல்'லும். தமிழில் 'சொல்' ஒன்றே போதும், யாரிடம் என்று சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. ஆங்கிலத்தில் 'டெல்' வந்து, பின்னால் 'தட்' வரப்போகிறது என்றால், நடுவில் ஆள் கட்டாயம் வேண்டும். "ஹி டோல்ட் தட் தி ஷாப் இஸ் க்ளோஸ்ட்" தவறு. "ஹி டோல்ட் மீ தட்..." சரி. 'சே' இதற்கு நேர் எதிர். ஆளை அப்படியே ஒட்டவைக்க முடியாது, 'டு' வேண்டும். "ஹி செட் மீ தட்" தவறு. "ஹி செட் தட்" அல்லது "ஹி செட் டு மீ தட்" சரி.

அலுவலகக் கடிதங்களில் இதே தவறு 'இன்ஃபார்ம்' உருவத்தில் வருகிறது. "தி மேனேஜர் இன்ஃபார்ம்ட் தட் தி மீட்டிங் இஸ் கேன்சல்ட்" என்று எத்தனை கடிதம் பார்த்திருக்கிறேன்! யாருக்குத் தெரிவித்தார் என்பது இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது. "இன்ஃபார்ம்ட் அஸ் தட்" என்று எழுதுங்கள். 'ரிமைண்ட்', 'அஷ்யூர்', 'கன்வின்ஸ்' மூன்றும் 'டெல்' கட்சி. 'எக்ஸ்ப்ளெய்ன்', 'மென்ஷன்', 'சஜஸ்ட்' மூன்றும் 'சே' கட்சி, ஆள் வந்தால் 'டு' வேண்டும்: "ஷி எக்ஸ்ப்ளெய்ன்ட் டு மீ தட்..."

ஒருவர் கேட்ட கேள்வியை எடுத்துச் சொல்லும்போது 'தட்' வரவே வராது. "எங்கே போறேன்னு கேட்டார்" என்பதில் 'னு' இருக்கிறது என்பதற்காக "ஹி ஆஸ்க்ட் தட் வேர் ஆர் யூ கோயிங்" என்று எழுதுகிறோம். 'வேர்' வந்துவிட்டால் அதுவே இணைப்புச் சொல். "ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்." வார்த்தை வரிசையும் சாதாரண வாக்கியம் மாதிரி மாறிவிட்டதைக் கவனியுங்கள். 'வாஸ் ஐ' அல்ல, 'ஐ வாஸ்'. அப்புறம், தமிழில் 'வருவாரா என்று' என 'ஆ' ஒலித்தால், அங்கே 'இஃப்' அல்லது 'வெதர்': "ஐ டோன்ட் நோ வெதர் ஹி வில் கம்."

இப்போது 'வேண்டும் என்று'. இது ஒன்றுதான் உண்மையிலேயே கஷ்டமான இடம். நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் தடுமாறுவார்கள்.

'நீ வரணும்னு ஆசைப்படறேன்' என்பதற்கு "ஐ வான்ட் தட் யூ கம்" என்று எழுதக் கூடாது. 'வான்ட்' இப்படித் 'தட்'டை ஏற்காது. "ஐ வான்ட் யூ டு கம்", அவ்வளவுதான். இதைப் பழகியவர்கள் 'சஜஸ்ட்' வந்ததும் அதே அச்சில் "ஹி சஜஸ்டட் மீ டு கோ" என்று எழுதிவிடுகிறார்கள். 'சஜஸ்ட்' அந்த 'டு'வை ஏற்காது. அதற்குத் 'தட்'தான் வேண்டும்: "ஹி சஜஸ்டட் தட் ஐ கோ." 'ரெக்கமெண்ட்', 'இன்சிஸ்ட்', 'டிமாண்ட்' வந்தாலும் இதே அமைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் 'தட்'டுக்குப் பின்னால் வினை மொட்டையாக நிற்கும், காலமும் ஏறாது, 'எஸ்'ஸும் ஒட்டாது. "தி டாக்டர் ரெக்கமெண்டட் தட் ஷி டேக் ரெஸ்ட்." 'டேக்ஸ்' அல்ல, 'டுக்' அல்ல. மொட்டையாக எழுதக் கூச்சமாக இருந்தால் 'ஷுட் டேக்' என்று போடலாம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது சகஜம். 'இஸ்', 'ஆர்' வர வேண்டிய இடத்தில் 'பி' வரும்: "வி இன்சிஸ்டட் தட் தி பில் பி கரெக்டட்."

'இன்சிஸ்ட்' இரண்டு விதமாகவும் வரும். அங்கே நம் தமிழே கைகொடுக்கும். "அவர் நேர்மையாக இருக்கிறார் என்று அடித்துச் சொன்னேன்" என்றால் "ஐ இன்சிஸ்டட் தட் ஹி வாஸ் ஆனஸ்ட்." "நேர்மையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன்" என்றால் "ஐ இன்சிஸ்டட் தட் ஹி பி ஆனஸ்ட்." தமிழில் 'வேண்டும்' இருந்தால் மொட்டை வினை, இல்லாவிட்டால் காலம் ஏறிய வினை.

சின்னத் தவறுகள் சில. 'டாக்', 'ஸ்பீக்' இரண்டும் 'தட்' ஏற்காது. 'பேசிக்கிறாங்க' என்பதை "பீப்பிள் ஆர் டாக்கிங் தட்" என்று எழுதாமல் "பீப்பிள் ஆர் சேயிங் தட்" என்று எழுதுங்கள். 'அபவுட்' போட்ட கையோடு 'தட்' வாக்கியத்தைத் தொடங்காதீர்கள். "ஐ ஹெர்ட் அபவுட் தட் ஹி இஸ் லீவிங்" வேண்டாம், "ஐ ஹெர்ட் தட் ஹி இஸ் லீவிங்" போதும். 'அவன் வரமாட்டான்னு நினைக்கிறேன்' என்பதில் 'மாட்டான்' உள்ளே இருந்தாலும், ஆங்கிலத்தில் எதிர்மறையை முன்னால் நகர்த்துவதுதான் இயல்பு: "ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்." 'ஹோப்' இதற்கு ஒத்துவராது, "ஐ ஹோப் ஹி வோன்ட் கம்" என்றுதான் வர வேண்டும்.

கடைசியாக, 'தட்'டையே விட்டுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 'சே', 'திங்க்', 'நோ' போன்ற அன்றாட வினைகளுக்குப் பின் தாராளமாக விடலாம். பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடாமல் சொன்னாலும் அழுத்தமில்லாமல் விழுங்கியே சொல்கிறார்கள். ஆனால் எழுத்தில் கிழமையோ தேதியோ நடுவில் வந்தால் விடாதீர்கள். "ஷி செட் ஆன் மண்டே தி ஆஃபீஸ் வாஸ் க்ளோஸ்ட்." சொன்னது திங்கள்கிழமையா, அலுவலகம் மூடியிருந்தது திங்கள்கிழமையா? 'மண்டே'க்குப் பின்னால் 'தட்' போட்டால் சொன்னது திங்கள்கிழமை. 'செட்'டுக்குப் பின்னால் போட்டால் மூடியிருந்தது திங்கள்கிழமை.